பழைய அரசு மடிக்கணினியில் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ்: வட்டை அழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி வீட்டில் சும்மா கிடக்கிறது. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 திறந்து முடிப்பதற்குள் ஒரு காபி போட்டுக் குடித்துவிடலாம். குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போட்டால் வேகமாகும் என்றார்கள். பென் டிரைவ் தயாரித்துப் போட்டுப் பார்த்தேன். திரை வந்தது, ஆனால் வைஃபை பட்டியலே வரவில்லை. அந்த 16 ஜிபி பென் டிரைவும் இப்போது விண்டோஸில் சில எம்பி அளவுதான் காட்டுகிறது. தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? பிரின்டர் ஓடுமா? அப்பாவின் கடைக் கணக்கு, தம்பியின் பி.எஸ்சி. கணினி அறிவியல் பாடம் இரண்டுக்கும் இதே கணினி போதுமா? (தென்காசி வாசகர்)

பதில்: முதலில் ஒன்று. திரையில் இருக்கும் 'இன்ஸ்டால்' பொத்தானை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஃபிளெக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் கூகுளின் ஓஎஸ் (இயங்குதளம்). அதை விண்டோஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வழியில்லை. நிறுவினால் வட்டு முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் உட்காரும். அக்காவின் படங்கள், விண்டோஸை மீட்டெடுக்க மறைவாக இருக்கும் ரெகவரி பகுதி, எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும்.

அப்பா கணக்கு எழுத டேலி மென்பொருளைப் பயன்படுத்துகிறார் என்றால் இந்த மாற்றம் வேண்டாம். டேலி விண்டோஸுக்கானது, ஃபிளெக்ஸில் நேரடியாக ஓடாது. வருமான வரி, ஜிஎஸ்டி தளங்களில் யுஎஸ்பி டோக்கனால் டிஜிட்டல் கையொப்பம் இடுபவர்களுக்கும் அதே நிலைதான். டோக்கனோடு வரும் டிரைவரும் (கருவியை இயக்கும் மென்பொருள்) கையொப்ப மென்பொருளும் ஃபிளெக்ஸில் நிறுவ முடியாதவை. கைபேசிக்கு வரும் ஓடிபி போதும் என்ற அளவில் வேலை இருந்தால் உலாவியே முடித்துவிடும். தம்பிக்கு சி, பைத்தான் எழுதிப் பார்க்க ஃபிளெக்ஸுக்குள் லினக்ஸ் (இன்னொரு இலவச ஓஎஸ்) பகுதி ஒன்றைத் திறக்கலாம். ஆனால் அது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி மாதிரி. 4 ஜிபி ராமில் மூச்சு வாங்கும். எல்லா மாடலிலும் அந்த வசதி வருவதும் இல்லை. தம்பிதான் அதிகம் பயன்படுத்தப் போகிறார் என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பை நேரடியாக நிறுவுவதே நல்லது என்போம். இணையம், மின்னஞ்சல், யூடியூப், கூகுள் டாக்ஸ், ஆன்லைன் வகுப்பு, வாட்ஸ்அப் வெப் என்று உலாவிக்குள்ளேயே முடியும் வீட்டு வேலைகளுக்கு ஃபிளெக்ஸ் அருமையாகப் பொருந்தும்.

குரோம் ஓஎஸ்ஸோடு விற்கப்படும் மடிக்கணினியான குரோம்புக்கில் ஓடும் எல்லாம் ஃபிளெக்ஸிலும் ஓடும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் விற்கும் குரோம்புக்கில் பிளே ஸ்டோர் உண்டு. ஃபிளெக்ஸில் இல்லை, ஆண்ட்ராய்டு செயலி எதையும் நிறுவ முடியாது. நெவர்வேர் என்ற நிறுவனம் உருவாக்கிய கிளவுட்ரெடியை 2020-இல் கூகுள் வாங்கியது. அதன் வழித்தோன்றலாக 2022-இல் வந்ததுதான் ஃபிளெக்ஸ். பழைய விண்டோஸ், மேக் கணினிகளுக்கு மறுவாழ்வு தருவதே அதன் நோக்கம். அடிப்படைத் தேவைகள்: 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப், 4 ஜிபி ராம், 16 ஜிபி வட்டு, யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகும் (தொடங்கும்) வசதி, பயாஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போகும் அனுமதி. 2010-க்கு முந்தைய சிப் என்றால் ஓடினாலும் திருப்தியாக இருக்காது. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த கணினிகள் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு மாடல். உங்களுடையது 4 ஜிபி, எனவே வாசலைத் தாண்டிவிட்டது. 2 ஜிபி மட்டும் உள்ளதை வைத்திருப்பவர்கள் ராமைக் கூட்டாமல் இதில் இறங்க வேண்டாம்.

இனி வேகம். உங்கள் கணினியை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் விண்டோஸ் அல்ல, அந்தச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். நீல நிறத்தில் 'குட்' வந்தால் வட்டு நலம். மஞ்சளில் 'காஷன்' என்றோ சிவப்பில் 'பேட்' என்றோ வந்தால் அந்த வட்டில் எந்த ஓஎஸ் போட்டாலும் பயனில்லை. நிறுவும்போதே பாதியில் நின்றுவிடும், அல்லது நிறுவிய பிறகு நிமிடத்துக்கொரு முறை உறையும். வட்டு நலமாக இருந்தாலும்கூட 240 அல்லது 256 ஜிபி கொள்ளளவுள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு) ஒன்று போடுவதே இந்தக் கணினிக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம். கனம் 7 மில்லிமீட்டர் என்று பார்த்து வாங்கினால் பெரும்பாலான கூட்டில் பொருந்தும். ஓஎஸ் மாற்றுவதைவிட எஸ்எஸ்டி தரும் வேகம் அதிகம்.

எஸ்எஸ்டி போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு டப்பாவில் வைத்துவிட்டு, ஃபிளெக்ஸைப் புது எஸ்எஸ்டியில் நிறுவுங்கள். எதுவும் அழியாது. பிடிக்கவில்லையென்றால் நான்கு திருகாணியைக் கழற்றிப் பழையதை மாட்டினால் விண்டோஸ் அப்படியே எழுந்து வரும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வங்கி வேலைக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

வைஃபைக்கு வருவோம். பட்டியலே வரவில்லை என்றால் இரண்டு காரணங்களில் ஒன்று: அட்டை அணைந்து கிடக்கிறது, அல்லது ஃபிளெக்ஸுக்கு அந்த அட்டையைத் தெரியவில்லை.

முதலாவதைச் சோதிப்பது எளிது. விண்டோஸ் 'ஷட் டவுன்' என்று சொன்னாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால் முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் பென் டிரைவில் பூட் செய்தால் வைஃபை அட்டை எழாமலேயே இருக்கலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். அதன் பிறகு பென் டிரைவில் ஏற்றிப் பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் பக்கவாட்டில் வைஃபைக்கென்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், இல்லையென்றால் விமானப் படமுள்ள விசை இருக்கும். அதையும் பாருங்கள்.

இதற்குப் பிறகும் வராவிட்டால் விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' கீழே அட்டையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. குவால்காம் ஏதெராஸும் பெரும்பாலும் சரிதான். ரியல்டெக்கில் சில ஓடும், சில ஓடாது. பிராட்காம் என்றால் அதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். விண்டோஸிலும் உபுண்டு போன்ற லினக்ஸிலும் டிரைவரைத் தேடிப்போட்டு நிமிர்த்திவிடுவோம். ஃபிளெக்ஸில் அது நடக்காது. அதன் சிஸ்டம் பகுதி படிக்க மட்டுமே திறந்திருக்கும். பயனர் எதையும் அதில் எழுத முடியாது. கூகுள் எந்த டிரைவரைச் சேர்த்து அனுப்புகிறதோ அதுதான். வைரஸ் நுழையாததற்கும் நீங்கள் டிரைவர் போட முடியாததற்கும் காரணம் ஒன்றே.

அதற்காகச் சோதனையை நிறுத்த வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, கைபேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். ஃபிளெக்ஸ் அதை ஈதர்நெட் இணைப்பு என்று எடுத்துக்கொள்ளும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் இது வேலை செய்யாது. கோப்பு மாற்றும் கேபிளாக இருக்க வேண்டும். ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் லேன் கேபிள் இன்னும் எளிது. மற்றவை எல்லாம் சரியாக ஓடுகின்றன, வைஃபை மட்டும்தான் குறை என்று தெரிந்தால் உள்ளே இருக்கும் அட்டையை இன்டெல் அட்டையாக மாற்றலாம். வாங்குவதற்கு முன், உங்கள் போர்டில் இருப்பது மினி பிசிஐஇ வகையா, எம்.2 வகையா என்று திறந்து பாருங்கள். லெனோவோ, எச்பி நிறுவனங்களின் பல பழைய மாடல்களில் அனுமதிக்கப்பட்ட அட்டைகளின் பட்டியல் பயாஸுக்குள்ளேயே இருக்கும். பட்டியலில் இல்லாததைப் போட்டால் கணினி பூட் ஆகவே மறுக்கும். அந்த வம்பு வேண்டாம் என்றால் சிறிய யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்குங்கள். ஆனால் 'லினக்ஸில் டிரைவர் நிறுவினால் ஓடும்' என்று பெட்டியில் போட்டிருப்பது இங்கே உதவாது. தனி டிரைவர் நிறுவாமலே லினக்ஸில் ஓடுவதாக இருக்க வேண்டும். கடைக்காரரிடம் திருப்பித் தரும் வசதியைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

இணையம் கிடைத்ததும் 'டிரை இட் ஃபர்ஸ்ட்' என்பதைத் தேர்ந்து, பென் டிரைவிலேயே இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், எனவே வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த நாட்களில் பார்க்க வேண்டியது வன்பொருள். ஸ்பீக்கரில் ஒலி வருகிறதா, இயர்போன் செருகினால் ஒலி அதற்கு மாறுகிறதா, வெப்கேம் தெரிகிறதா, டச்பேடில் இரு விரலால் நகர்த்த முடிகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா. முக்கியமாக, மூடியை மூடிப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் திரை திரும்ப வருகிறதா? பழைய கணினிகளில் இங்கேதான் பலது விழும். கருப்புத் திரையோடு நின்றுவிட்டால் செட்டிங்ஸின் பவர் பகுதியில் மூடியை மூடினால் தூங்கும் அமைப்பை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் முழுதாக ஷட் டவுன் செய்யும் பழக்கத்துக்கு வர வேண்டியதுதான். எஸ்எஸ்டியில் பூட் ஆகச் சில விநாடிகளே பிடிக்கும் என்பதால் பெரிய நஷ்டமில்லை. டிவிடி டிரைவ், கைரேகை வருடி இரண்டையும் மறந்துவிடுங்கள்.

வட்டு கண்ணிலேயே படவில்லை என்றால் பயாஸில் வட்டை இணைக்கும் சாட்டா முறை 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' என்று இருக்கும். 'ஏஎச்சிஐ' என்று மாற்றுங்கள். (அதே வட்டில் விண்டோஸை வைத்துக்கொண்டு இதை மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. திரும்ப மாற்றினால் வரும், பயப்பட வேண்டாம்.) நிறுவி முடித்த பிறகு பென் டிரைவை எடுத்ததும் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால் பயாஸில் பூட் வரிசையில் உள் வட்டை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். பூட் மெனு வர லெனோவோ, டெல் கணினிகளில் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9. ஏசரில் முதலில் எஃப்2 வழியாகப் பயாஸுக்குள் போய் எஃப்12 மெனுவை இயக்கிவைக்க வேண்டும். லோகோவிலேயே நின்றுவிடுகிறது என்றால், தனி என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள கணினியா என்று பாருங்கள். பயாஸில் அதை அணைக்க வழி இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

பழைய கணினிகளுக்கே உரிய ஒரு சிக்கல் பலரை அலைக்கழிக்கும். இணையம் இணைந்திருக்கும், ஆனால் கூகுள் கணக்கில் உள்நுழைய முடியாது. 'கடிகாரம் பின்தங்கியுள்ளது' என்றோ 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றோ வரும். போர்டில் இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் தேதியை வைத்துத்தான் சரிபார்க்கப்படுகிறது. பயாஸில் தேதியைத் திருத்தினால் அப்போதைக்குச் சரியாகும். நிரந்தரமாகத் தீர, கடையில் கிடைக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். சில மடிக்கணினிகளில் அது இரண்டு கம்பியும் சிறு இணைப்பியுமாகப் பொட்டலம் கட்டியபடி இருக்கும். அதே வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்த் தட்டச்சுக்குத் தனி மென்பொருள் வேண்டாம். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'இன்புட்' என்று தட்டினால் உள்ளீட்டு முறைகள் வரும். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு எந்திர முறை, ஒலிபெயர்ப்பு எல்லாம் உண்டு. வேண்டியதைச் சேர்த்தபின் கன்ட்ரோல் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும். வீட்டில் அம்மா தமிழ்ச் சொற்களையும் ஆங்கில எழுத்திலேயே தட்டிப் பழகியவர் என்றால் ஒலிபெயர்ப்பைச் சேர்த்துக்கொடுங்கள்.

சிக்கல் பழைய கோப்புகளில். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் ஃபிளெக்ஸில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். எழுத்துரு நிறுவ இங்கே வழியில்லை. விண்டோஸ் கையில் இருக்கும்போதே அவற்றை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு கோப்புதான் என்றால், ஒட்டி மாற்றித்தரும் இணையதளங்கள் போதும். அச்சுக்கு மட்டும் தேவைப்படுபவற்றை பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். அதில் எழுத்துரு உள்ளேயே பொதிந்திருக்கும்.

பிரின்டரில் ஒரே கேள்விதான்: தனி டிரைவர் இல்லாமல் அச்சடிக்க உதவும் ஏர்பிரின்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று அதன் விவரக்குறிப்பில் இருக்கிறதா? இருந்தால், பிரின்டரும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்கும்போது செட்டிங்ஸின் பிரின்டர் பகுதியில் தானாகத் தெரியும், சேமித்தால் முடிந்தது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்துக்கொண்டே இருக்கும் கேனான் எல்பிபி 2900 போன்றவை வேறு ஜாதி. பக்கத்தைத் தயாரிக்கும் வேலையை விண்டோஸ் டிரைவரிடம் விட்டுவிட்டு, தாளில் பதிப்பதை மட்டும் செய்பவை. அந்த டிரைவர் இல்லாத இடத்தில் அவை ஊமை. அப்படிப்பட்ட பிரின்டர்தான் வீட்டில் இருக்கிறது, தினமும் அச்சடிக்க வேண்டும் என்றால் ஃபிளெக்ஸுக்கு மாறாததற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

ஃபிளெக்ஸில் கோப்புகள் தானாகவே 'மேலே' சேமிக்கப்படும் என்ற எண்ணம் ஆபத்தானது. கூகுள் டிரைவ் கோப்புறையில் வைத்தவைதான் இணையத்துக்குப் போகும். 'டவுன்லோட்ஸ்' கோப்புறை கணினியிலேயே இருக்கிறது. அதற்கு வேறெங்கும் பிரதி கிடையாது. விருந்தினர் முறையில், அதாவது 'கெஸ்ட்' ஆக நுழைந்து சேமித்தவை வெளியேறியதும் அழிந்துவிடும். இன்னொன்று பலருக்கும் தெரியாது. கைபேசியில் கூகுள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு இந்தக் கணினிக்கு வந்தால், அது பழைய கடவுச்சொல்லையும் கேட்கலாம். வட்டிலுள்ள உங்கள் கோப்புகள் அந்தப் பழைய சொல்லை வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். நினைவில்லை என்று சொல்லித் தாண்டிப் போனால் உள்ளே நுழையலாம், ஆனால் டவுன்லோட்ஸில் இருந்தவை திரும்பி வராது. வீட்டில் நாலு பேர் பயன்படுத்துவதாக இருந்தால் நாலு பேருக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள்.

4 ஜிபியில் எத்தனை டேப் திறக்கலாம்? பத்து வரை நிம்மதி, வீடியோ அழைப்பு ஓடும்போது அதிலும் பாதி. குரோம் செட்டிங்ஸின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரி சேவரை இயக்குங்கள். திணறும்போது விண்டோஸ் விசையோடு எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எது ராமைத் தின்கிறது என்று அங்கே தெரியும். பெரும்பாலும் என்றோ சேர்த்து மறந்துபோன ஏதாவது எக்ஸ்டென்ஷனாக (உலாவியின் துணை மென்பொருள்) இருக்கும். புதுப்பிப்புகள் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கொரு முறை பின்னணியில் இறங்கி இன்னொரு பகுதியில் எழுதப்படும். ரீஸ்டார்ட் செய்தால்தான் அதற்கு மாறும். மூடியை மட்டும் மூடிவைத்து மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் பழைய பதிப்பிலேயே இருப்பார்கள்.

என்ன செய்தும் சரியாகவில்லை என்றால் உள்நுழைவுத் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் நான்கையும் சேர்த்து அழுத்தினால் பவர்வாஷ் வரும். எல்லாக் கணக்குகளையும் கணினியிலுள்ள கோப்புகளையும் அழித்துப் புதிதாக்கும். பவர்வாஷ் வரை போக முடியாத அளவுக்குக் கெட்டுப்போனால், குரோம்புக்குகளில் இருக்கும் எஸ்கேப், ரெஃப்ரெஷ், பவர் என்ற மீட்பு விசைக்கூட்டு ஃபிளெக்ஸில் கிடையாது. பென் டிரைவிலிருந்து மறுபடி நிறுவுவதுதான் வழி.

அதனால் அந்தப் பென் டிரைவை உடனே அழித்துவிடாதீர்கள். அது கெட்டுப்போகவில்லை. ஃபிளெக்ஸ் அதைப் பல பகுதிகளாகப் பிரித்திருக்கிறது, விண்டோஸுக்கு அவற்றில் ஒன்றிரண்டுதான் புரிகிறது. செருகியதும் 'ஃபார்மட் செய்யவா' என்று விண்டோஸ் வரிசையாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் கேன்சல் கொடுங்கள். ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு, அதைத் தயாரித்த அதே குரோம்புக் ரெகவரி யூட்டிலிட்டியைத் திறந்து, மேல் மூலையிலுள்ள பல்சக்கரத்தைச் சொடுக்கி, 'இரேஸ் ரெகவரி மீடியா' கொடுத்துப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸில் ஒருமுறை ஃபார்மட் செய்தால் 16 ஜிபியும் திரும்பக் கிடைக்கும். தேர்ந்தெடுக்கும்போது வேறு யுஎஸ்பி வட்டு எதுவும் செருகியிருக்கக் கூடாது.